லினக்ஸ் மின்டில் திரை 1024×768ஐத் தாண்டவில்லை, யாராவது உதவுங்கள்

அக்கரப்பத்தனை:
வணக்கம். தோட்டத்துப் பிள்ளைகளுக்குப் பின்னேர வகுப்பு நடத்துகிறோம், அதற்கு ஒரு பழைய கணினி கிடைத்தது. இன்டெல் ஐ3, 18.5 அங்குல மொனிட்டர், இரண்டையும் இணைக்கப் பழைய வகை விஜிஏ கேபிள். விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் 21.3 என்ற இயங்குதளத்தின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பைப் போட்டேன், வேகம் நன்றாக இருக்கிறது. ஆனால் திரையின் அளவு (ரெசலூஷன்) 1024×768இலேயே நிற்கிறது. டிஸ்ப்ளே செட்டிங்ஸ் பட்டியலில் அதற்கு மேல் எதுவும் இல்லை, மொனிட்டரின் உண்மையான அளவோ 1366×768. படம் பக்கவாட்டில் இழுபட்டு எழுத்தெல்லாம் தடித்து மங்கலாக வருகிறது. இங்கிலீஷை எப்படியோ வாசித்துவிடலாம், தமிழில் புள்ளி இருக்கிறதா இல்லையா, இது னவா ணவா என்று பிள்ளைகள் திரைக்குப் பக்கத்தில் முகத்தை வைத்துப் பார்க்கிறார்கள். சாதாரண தரப் பரீட்சை எழுதப்போகிறவர்கள் பழைய வினாத்தாள்களை இதில்தான் பார்க்க வேண்டும்.

கம்பளை:
அப்டேட் செய்து ரீஸ்டார்ட் பண்ணிப் பார்த்தீர்களா? டிரைவர் மேனேஜர் என்ன சொல்கிறது?

அக்கரப்பத்தனை:
எல்லாம் செய்தாயிற்று அண்ணா. டிரைவர் எதுவும் தேவையில்லை என்று வருகிறது.

பண்டாரவளை:
அது சரிதான் தம்பி, இன்டெலுக்கான டிரைவர் லினக்ஸின் மையப்பகுதியான கெர்னலுக்குள்ளேயே இருக்கிறது, தேடி நேரத்தை வீணாக்காதீர்கள். இரண்டு விஷயம் பாருங்கள். (கட்டளைகளைத் தமிழில் எழுதுகிறேன், கட்டளை தட்டும் ஜன்னலான டெர்மினலில் ஆங்கிலச் சிறிய எழுத்தில் தட்டுங்கள்.) முதலில் கணினியைத் தொடக்கிவைக்கும் கிரப்பின் அமைப்பில் நோமோட்செட் என்ற சொல் இருக்கிறதா? இருந்தால் இன்டெல் டிரைவர் ஏறாது, அதை எடுத்துவிட்டு அப்டேட்-கிரப் கொடுங்கள். இல்லையென்றால் திரை அளவைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் எக்ஸ்ரேண்டர் கட்டளையோடு ப்ராப் சேர்த்துக் கொடுத்து, விஜிஏவுக்குக் கீழே இடிஐடி என்று நீளமான எண் வரிசை வருகிறதா என்று பாருங்கள்.

அக்கரப்பத்தனை:
நோமோட்செட் இல்லை. விஜிஏ-1 கனெக்டட் என்று காட்டுகிறது, ஆனால் இடிஐடி என்று எதுவும் வரவில்லை.

பண்டாரவளை:
அப்படியானால் முதல் சந்தேகம் கேபிள்தான். மொனிட்டர் தன் அளவு இன்னதென்று கணினிக்குச் சொல்லும் தகவல்தான் இடிஐடி. விஜிஏ பிளக்கில் 12ஆம், 15ஆம் ஊசிகள் வழியாக அது வருகிறது. மலிவான கேபிள்களில் அந்த இணைப்பையே போடாமல் விட்டுவிடுகிறார்கள், அல்லது ஊசி வளைந்திருக்கும். படத்துக்கான ஊசிகள் வேறு என்பதால் படம் மட்டும் வந்துகொண்டே இருக்கும். தகவல் வராதபோது லினக்ஸ் பாதுகாப்பாக 1024×768 வரைதான் பட்டியலில் காட்டும். கழற்றிப் பாருங்கள். 9ஆம் ஊசி இல்லாவிட்டால் பயப்பட வேண்டாம், நல்ல கேபிள்களிலும் அது இல்லாமல் வரும்.

அக்கரப்பத்தனை:
ஊசி எதுவும் வளையவில்லை, 12 இருக்க வேண்டிய இடம் வெறுமையாக இருக்கிறது! இனி கேபிள் வாங்க ஹட்டனுக்குப் போக வேண்டும், இந்த மழையில் வார இறுதிக்கு முன் முடியாது. அதுவரைக்கும் ஏதாவது வழி இருக்கிறதா அண்ணா?

பண்டாரவளை:
இருக்கிறது. சிவிடி கட்டளைக்கு 1366 768 60 என்று கொடுங்கள், அந்த அளவுக்கான கணக்குகளோடு மோட்லைன் என்று ஒரு வரி வரும். அதில் 1368 என்றிருக்கும், அகலத்தை 8ஆல் வகுபடும் எண்ணாக அது மாற்றிக்கொள்ளும், பரவாயில்லை. மோட்லைன் என்ற சொல்லுக்குப் பின்னால் உள்ள முழுவதையும் எக்ஸ்ரேண்டரின் நியூமோடுக்குக் கொடுங்கள், பிறகு ஆட்மோட் மூலம் அதை விஜிஏ-1இல் சேருங்கள், கடைசியாக அவுட்புட், மோட் இரண்டையும் போட்டு அதற்கு மாற்றுங்கள். சிலருக்கு விஜிஏ1 என்று கோடில்லாமல் இருக்கும், உங்கள் கணினி காட்டும் பெயரையே அப்படியே போடுங்கள். படம் ஓரமாக நகர்ந்து நின்றால் மொனிட்டரில் ஆட்டோ பட்டனை அழுத்துங்கள்.

அக்கரப்பத்தனை:
வந்துவிட்டது!! எழுத்து அவ்வளவு தெளிவு. ஆனால் ரீஸ்டார்ட் செய்தால் பழையபடி ஆகிவிடுகிறது.

கம்பளை:
எக்ஸ்ரேண்டரில் செய்தது அந்த செஷனோடு, அதாவது லாக்-அவுட் அல்லது ரீஸ்டார்ட் செய்ததும் போய்விடும். நியூமோடு, ஆட்மோட், அவுட்புட் ஆகிய மூன்று வரிகளையும் ஒரு ஸ்கிரிப்டில் (கட்டளைகள் எழுதிய கோப்பில்) எழுதி, இயக்க அனுமதி கொடுத்து, செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்பில் ஆட்டோஸ்டார்ட் பகுதியில் சேர்த்துவிடுங்கள். லாகின் திரை பழைய அளவில்தான் வரும், உள்ளே போனதும் சரியாகிவிடும்.

பதுளை:
இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும், எனக்கும் இதே பிரச்சினை, என்னுடையது உபுண்டு 24.04 என்ற இன்னொரு லினக்ஸ். எக்ஸ்ரேண்டர் எதையும் மாற்ற மறுக்கிறது.

பண்டாரவளை:
அக்கா, நீங்கள் வேலண்டில் (திரையில் படத்தைக் காட்டும் புதிய முறை) இருப்பீர்கள், அங்கே இந்த வழி வேலை செய்யாது. லாகின் திரையில் பெயரைத் தொட்டதும் மூலையில் பற்சக்கரம் வரும், அதில் உபுண்டு ஆன் எக்ஸ்ஓர்க் (பழைய முறை) என்பதைத் தெரிவு செய்து உள்ளே போய்ப் பாருங்கள். ஆனால் அதற்கு முன் கேபிளைப் பாருங்கள்.

அக்கரப்பத்தனை:
ஹட்டனில் கேபிள் வாங்கி மாட்டினேன். 1366×768 தானாகவே பட்டியலில் வந்துவிட்டது. அந்த ஸ்கிரிப்ட் இருக்கட்டுமா?

பண்டாரவளை:
வேண்டாம், ஆட்டோஸ்டார்ட்டிலிருந்து எடுத்துவிடுங்கள். விட்டால் ஒவ்வொரு முறையும் 1368க்கே தள்ளிவிடும், சரியான அளவு கிடைத்தும் பிரயோசனம் இல்லாமல் போய்விடும்.

அக்கரப்பத்தனை:
எடுத்துவிட்டேன். இரண்டு அண்ணாமாருக்கும் ரொம்ப நன்றி.