பாலக்காட்டுக் கணவாயைப் பிள்ளைகளே ஆராயும்படி பாடம் அமைப்பது எப்படி?

கேள்வி: தமிழ் வழி ஆசிரியை, சித்தூர் வட்டம், பாலக்காடு மாவட்டம், கேரளம்

வணக்கம். கொழிஞ்சாம்பாறைக்கு அருகே 9-ஆம் வகுப்புக்குச் சமூக அறிவியல் கற்பிக்கிறேன். பாலக்காட்டுக் கணவாயைப் பற்றிச் செயல்திட்டம் கொடுத்தபோது, பெரும்பாலான பிள்ளைகள் இணையத்தில் கிடைத்த ஒரே பத்தியை எழுதி வந்தார்கள். நீலகிரிக்கும் ஆனைமலைக்கும் இடையே சுமார் 30 கிலோமீட்டர் அகலமுள்ள இடைவெளி என்று சரியாகவே எழுதியிருந்தார்கள். ஆனால் ஆடி மாதத்தில் தங்கள் வீட்டுக் கதவை அறைகிற காற்று அந்த வழியாகத்தான் வருகிறது என்று ஒருவரும் எழுதவில்லை. வெளியே அழைத்துச் சென்றாலோ அது சுற்றுலாவாக முடிந்துவிடுகிறது. களப்பணியும் இணையத் தேடலும் ஒன்றையொன்று தாங்கும்படி என்ன செய்யலாம்?

மறுமொழி 1

டீச்சர், தலைப்பைக் கொடுக்காமல், இணையத்தில் விடை கிடைக்காத ஒரு கேள்வியைக் கொடுங்கள். கால்வாய் பாயும் பகுதியின் கிணற்றுக்கும், கால்வாய் எட்டாத மேட்டுக் கிணற்றுக்கும் நீர்மட்டம் எவ்வளவு வேறுபடுகிறது என்று எங்கள் பிள்ளைகளை அளக்கவைத்தேன். கயிற்றில் கல்லைக் கட்டி இறக்கி, நீரைத் தொட்ட இடத்தில் முடிச்சுப் போட்டு, கைப்பிடிச் சுவரின் உயரத்தைக் கழிக்க வேண்டும். முதல் நாள் ஒரு குழு அதைக் கழிக்க மறந்தது. இன்னொரு குழு, காலையில் மோட்டார் ஓடிய கிணற்றை அளந்துவிட்டது. எண்கள் ஏன் ஒத்துவரவில்லை என்று பிள்ளைகள் வாதிட்ட அந்த ஒரு மணி நேரம்தான், நான் கற்பித்தவற்றிலேயே நல்ல புவியியல் பாடம் என்று இன்றும் நினைக்கிறேன். கோடையில் ஒருமுறையும் துலாவர்ஷம் (வடகிழக்குப் பருவமழை) முடிந்தபின் ஒருமுறையும் அதே கிணறுகளை அளந்தால்தான் அந்த எண்கள் பேசும்.

மறுமொழி 2

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். கால்வாய்த் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று பிள்ளைகள் தாமாகக் கேட்கும்போது இணையத்தைத் திறக்கலாம். தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் இடையே 1970-இல் கையெழுத்தான பரம்பிக்குளம்–ஆழியாறு ஒப்பந்தப்படி ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) நீர் மணக்கடவு அணைக்கட்டில் சித்தூர்ப் புழைக்கு (சித்தூர் ஆற்றுக்கு) விடப்பட வேண்டும் என்பது, கயிற்றைப் பிடித்த கைகளுக்கு வெறும் எண்ணாக இருக்காது.

கூகுள் எர்த்தில் பழைய செயற்கைக்கோள் படங்களையும் பார்க்கலாம், ஆனால் படம் எடுத்த மாதத்தைக் கட்டாயம் குறிக்கச் சொல்லுங்கள். அக்டோபர் படத்தையும் மார்ச் படத்தையும் அருகருகே வைத்துவிட்டு, ஏரி சுருங்கிவிட்டது என்று முடிவுகட்டுவது நல்ல பிள்ளைகளும் செய்கிற தவறு. இஸ்ரோவின் புவன் வரைபடத் தளத்தில் தங்கள் கிணறுகளின் இடத்தைத் தாங்களே தேடிக் கண்டுபிடிக்கட்டும்.

மறுமொழி 3

மண்ணை விட்டுவிடாதீர்கள். கேரளத்தில் கரிசல் மண் இருப்பது நம் சித்தூர்ப் பகுதியில்தான். ஒரு கண்ணாடிப் புட்டியில் மண்ணையும் நீரையும் குலுக்கி வைத்தால் மணல் முதலில் அடியில் படியும், களி கடைசியாகப் படியும். கோடையில் நிலம் ஏன் வெடிக்கிறது என்பதற்கான விளக்கம் அந்தக் களியில் இருக்கிறது.

கேள்வி கேட்டவர்

அனைவருக்கும் நன்றி. கால்வாயோரம் இரண்டு, மேட்டில் இரண்டு என நான்கு கிணறுகளோடு தொடங்குகிறேன். கைப்பிடிச் சுவர் உள்ள கிணறுகளை மட்டுமே தேர்ந்தெடுத்து, வீட்டாரிடம் முன்கூட்டியே அனுமதி கேட்டு, முந்தைய நாள் மாலைக்குப் பிறகு மோட்டார் போட வேண்டாம் என்றும் சொல்லி வைக்கிறேன்.