புதுப்பிப்பு: ஏஎன்பி கோணம் மட்டும் போதாது

பல்சீரமைப்புக்காக எடுக்கும் தலையின் பக்கவாட்டு எக்ஸ்ரேயில், நேசியான் புள்ளியிலிருந்து (மூக்கும் நெற்றியும் சேரும் எலும்புப் புள்ளி) ஏ புள்ளிக்கும் (மேல்தாடையின் முன்புறம்) பி புள்ளிக்கும் (கீழ்த்தாடையின் முன்புறம்) செல்லும் கோடுகளுக்கு இடையிலானதே ஏஎன்பி கோணம். முந்தைய பதிவில், இது 4 டிகிரியைத் தாண்டினால் எலும்பு சார்ந்த இரண்டாம் வகை (கீழ்த்தாடையைவிட மேல்தாடை அதிகம் முன்னே இருப்பது) என்று எழுதியிருந்தேன். அதைத் திருத்துகிறேன். நேசியான் புள்ளி பின்தங்கியிருந்தால், தாடைகளில் கோளாறே இல்லாமலும் கோணம் கூடும்; முன்தள்ளியிருந்தால் உண்மையான கோளாறு மறைந்துவிடும். தாடைகள் மேல்நோக்கியோ கீழ்நோக்கியோ சுழன்றிருப்பதும் இப்படியே ஏமாற்றும்.

ஆகவே விட்ஸ் அளவையும் எடுங்கள். ஏ, பி புள்ளிகளிலிருந்து கடிதளக் கோட்டுக்கு (மேல், கீழ்ப் பற்கள் சந்திக்கும் தளம்) செங்குத்துக் கோடுகள் இறக்கி, அவை தொடும் இடங்களுக்கு இடையிலான தூரத்தை அளக்க வேண்டும். பெண்களுக்கு 0, ஆண்களுக்கு -1 மி.மீ. (பி-யின் இடம் ஏ-யைவிடச் சற்று முன்னே) அளவில் இருப்பது இயல்பு. (கடிதளம் மிகவும் சாய்ந்திருந்தால் இதுவும் தவறும்.) ஏஎன்பியும் விட்ஸும் முரண்பட்டால், பக்கவாட்டு முகத்தோற்றத்தையே முதலில் நம்புவேன்.

மேல், கீழ் முன்பற்களின் நடுக்கோடுகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் விலகினால் அது எலும்புக் குறையா என்ற கேள்விக்கு: வாய் திறந்திருக்கையில் நேராக இருந்து, கடிக்கும்போது மட்டும் விலகினால், ஏதோ ஒரு பல் முன்கூட்டியே தட்டி, கீழ்த்தாடை பக்கவாட்டில் நகர்கிறது. அதை எலும்புக் குறை என்று முடிவுகட்டாதீர்கள்.