கலைச்சொல் வேண்டும்: ‘இண்டிபெண்டண்ட் லிவிங்’ (வெள்ளிக்குள்!)

ஈரோடு ஆசிரியை:
எல்லோருக்கும் வணக்கம். சிறப்புக் கல்வி பி.எட். மாணவர்களுக்கு ஒரு கையேடு எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை அச்சகத்துக்குப் போயாக வேண்டும். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, 5ஆம் பிரிவில் மாட்டிக்கொண்டேன். மாற்றுத்திறனாளிக்குச் சமூகத்தோடு சேர்ந்து வாழும் உரிமை உண்டு. இன்ன விடுதி, இன்ன காப்பகம் என்று ஓரிடத்தில்தான் இருந்தாக வேண்டும் என்ற நிலை வராதபடி அரசு பார்க்க வேண்டும். இதற்கு வேர் மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 19ஆம் உறுப்பு. அங்கேதான் இந்த ‘இண்டிபெண்டண்ட் லிவிங்’. ‘தனித்து வாழ்தல்’ என்று எழுதிக்கொண்டு போனேன். வகுப்பில் ஒரு பையன், “மேடம், தனிக்குடித்தனமா?” என்கிறான். ‘பர்சனல் அசிஸ்டண்ட்’டுக்கும் ஒரு சொல் வேண்டும்.

நெல்லைப் புலவர்:
தற்சார்பு வாழ்வு. கையில் இருக்கும் சொல்லை விட்டுவிட்டு எங்கே தேடுகிறீர்கள், அம்மா?

கோவைத் தம்பி:
ஐயா, அதை இணையத்தில் தேடிப் பாருங்கள். மாடித்தோட்டமும் செக்கு எண்ணெயும்தான் வரும்.

சென்னை (சக்கர நாற்காலிக்காரன்):
மாடித்தோட்டம் கிடக்கட்டும். தற்சார்பு என்றால் பிறரைச் சாராமை. நான் சார்ந்துதான் இருக்கிறேன். காலையில் என்னைக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாற்ற ஒரு தம்பி வருகிறார். பல் துலக்கிவிடுவதும் அவர்தான். ஆனால் எத்தனை மணிக்கு வர வேண்டும், முதலில் காபியா குளியலா, இன்றைக்கு எந்தச் சட்டை, எல்லாம் நான் சொல்வது. அவ்வளவுதான் விஷயம். எல்லாவற்றையும் தானே செய்துகொள்வது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது என்று ஐ.நா. குழுவே 2017இல் 5ஆம் பொதுக் கருத்துரையில் எழுதிவிட்டது.

ஸ்வீடனில் 1994 முதல் எல்.எஸ்.எஸ். என்ற மாற்றுத்திறனாளிகள் உதவிச் சட்டம் நடப்பில் இருக்கிறது. தகுதி உடையவருக்கு இத்தனை மணிநேர உதவி என்று கணக்கிட்டு அரசு பணம் தரும். உதவியாளரை நகராட்சி வழியாகவோ, கூட்டுறவு வழியாகவோ, தனியார் நிறுவனம் வழியாகவோ வைத்துக்கொள்ளலாம். தானே முதலாளியாகி வேலைக்கு எடுக்கலாம். 1984இல் ஸ்டாக்ஹோமில் அடோல்ஃப் ராட்ஸ்கா தொடங்கிய கூட்டுறவு இதற்கெல்லாம் முன்னோடி. நம் 5ஆம் பிரிவிலும் ‘பர்சனல் அசிஸ்டன்ஸ்’ இருக்கிறது. எத்தனை மணிநேரம், யார் பணம் என்பது அந்தப் பிரிவில் இல்லை. சொல்லைக் கண்டுபிடித்துவிட்டு அதையும் கொஞ்சம் தேடுங்கள்.

நெல்லைப் புலவர்:
விளங்கிற்று. ஆளுவது யார் என்பதே கேள்வி என்றால் விடை ‘தன்னாண்மை’. ஆள் + மை = ஆண்மை; கேள் + மை கேண்மை ஆனது போல. தாளாண்மை, வேளாண்மை இரண்டும் ஒரே குறளில் (613) நிற்கின்றன. அடுத்து 618 பாருங்கள்: “பொறியின்மை யார்க்கும் பழியன்று அறிவறிந்து ஆள்வினை இன்மை பழி.” பரிமேலழகர் பொறியை விதி என்றார். உறுப்பு என்று கொண்டால், உறுப்புக் குறை பழியன்று, முயற்சி இன்மையே பழி என்று நம் கையேட்டுக்கே எழுதியது போல இருக்கிறது! இன்னும் மேலே போனால் புறநானூறு 28இல் ‘எண்பேர் எச்சம்’ வருகிறது. சிதடு (குருடு), கூன், குறள் (குள்ளம்), ஊம் (ஊமை), செவிடு முதலாக எட்டு வகைக் குறை. இன்றைய சட்டத்தில் 21 வகை. இங்கே எச்சம் என்பதைப் பெயரெச்சம், வினையெச்சத்தோடு ஒப்பிட்டால்...

சென்னை:
ஐயா, அந்த எட்டாலும் ‘ஊதியம் இல்’, அதாவது பயன் இல்லை, என்று அதே பாட்டு தள்ளிவிடுகிறதே. அதைக் கையேட்டில் போட வேண்டாம்.

மதுரை அக்கா:
தன்னாண்மை வாழ்வா? சுவரில் ஒட்டிய லேகிய விளம்பரம் மாதிரி இருக்கிறது. அந்த வகுப்பில் பெண்கள்தான் அதிகம் இருப்பார்கள்.

நெல்லைப் புலவர்:
மேலாண்மை, இறையாண்மை எல்லாம் லேகியமா?

மதுரை அக்கா:
அவை பழகிவிட்டன. இது பழகும் வரை நாற்பது பிள்ளைகள் சிரிப்பார்கள்.

யாழ்ப்பாணம்:
இங்கே ‘சுயாதீன ஆணைக்குழு’ என்று நாளும் பொழுதும் செய்தியில் கேட்கிறோம். ‘சுயாதீன வாழ்வு’ எங்களுக்கு உடனே புரியும். நீங்கள் மாற்றுத்திறனாளி என்பவரை இங்கே மாற்றுவலுவுள்ளோர் என்றும் சொல்வார்கள். அதையும் ஒரு வரி குறித்துவிடுங்கள், அக்கா.

கோவைத் தம்பி:
வடமொழிதான் என்றால் ‘சுயேச்சை’ இன்னும் பொருத்தம். சுய இச்சை, தன் விருப்பம். பொருள் கச்சிதம்.

மதுரை அக்கா:
டெபாசிட் போய்விடும், தம்பி.

நெல்லைப் புலவர்:
சரி, அந்த இச்சையைத் தமிழாக்குங்கள்: தன்விருப்ப வாழ்வு. இதற்கு மேல் நான் இறங்கி வர மாட்டேன்.

சென்னை:
பரவாயில்லை. ‘தன்முடிவு’ இன்னும் நெருக்கம்தான், ஆனால் தற்கொலை என்று கேட்டுத் தொலைக்கும். உதவியாளர் விஷயத்துக்கு வாருங்கள்.

ஈரோடு ஆசிரியை:
‘நேர்முக உதவியாளர்’ என்று வைத்திருக்கிறேன்.

சென்னை:
அது கலெக்டருக்கு இருப்பவர், அம்மா. ‘பராமரிப்பாளர்’ என்றும் வேண்டாம். என்னைப் பராமரிக்க வரவில்லை அவர். நான் சொல்கிற வேலையைச் சம்பளத்துக்குச் செய்கிறார். ‘கையாள்’ என்றால் பொருள் சரியாக இருக்கும், ஆனால் நான் தாதா ஆகிவிடுவேன்.

கோவைத் தம்பி:
துணையாளர்?

மதுரை அக்கா:
துணைவர் என்று படித்துவிடாமல் இருந்தால் சரி. எனக்குச் சம்மதம்.

ஈரோடு ஆசிரியை:
அச்சகத்துக்கு அனுப்பிவிட்டேன். ‘தன்விருப்ப வாழ்வு’, ‘துணையாளர்’. அடிக்குறிப்பில் சுயாதீன வாழ்வும் மாற்றுவலுவுள்ளோரும் உண்டு. ஸ்வீடன் பகுதிக்கு இரண்டு பக்கம் ஒதுக்கியிருக்கிறேன். எல்லோருக்கும் நன்றி.

சென்னை:
ஒரு மறுப்பை மட்டும் பதிந்துவைக்கிறேன். ‘விருப்பம்’ என்றால் நாளைக்கு விண்ணப்பத்தில் ஒரு கட்டம் போட்டு டிக் அடிக்கச் சொல்லிவிட்டு அதோடு முடித்துக்கொள்வார்கள். சட்டம் அதை உரிமை என்கிறது. அடுத்த பதிப்பில் மறுபடி பேசுவோம்.

நெல்லைப் புலவர்:
அடுத்த பதிப்பு என்றதும் நினைவு வந்தது. வாழ்வா, வாழ்தலா? இரண்டும் தொழிற்பெயர்தான்; எது முறை?