குடை ராட்டினத்துக்கு எந்தப் பக்கம்? – தீம் பார்க்கில் வழி தவறிய அனுபவங்கள்

அம்மாவும் நானும் ஒரே குடை ராட்டினத்தின் இரு பக்கங்களில் 40 நிமிடங்கள் நின்றிருந்தோம். ஒருவரையொருவர் பார்க்கவில்லை.

அன்று மதியம் ஊர்வலம் வருகிறது என்று பாதையின் குறுக்கே கயிறு கட்டிவிட்டார்கள். நானும் என் ஆறு வயது மகனும் ஒரு பக்கம், கழிவறைக்குப் போயிருந்த அம்மா மறுபக்கம். பிரிந்துபோனால் குடை ராட்டினத்தருகே வந்துவிட வேண்டும் என்று காலையிலேயே பேசி வைத்திருந்ததால் எனக்குப் பதற்றமே இல்லை. அம்மாவின் செல்பேசியில் சார்ஜ் தீர்ந்திருந்தது. சொன்னபடி அவர் வந்துவிட்டார், சொன்னபடி நானும் வந்துவிட்டேன். நடுவில் ராட்டினம் சுற்றிக்கொண்டிருந்தது. குதிரைகள் ஏறி இறங்குவதும் நடுத்தூணில் பதித்த கண்ணாடிகளில் விளக்குகள் மின்னுவதும் தெரிந்தனவே தவிர, எதிர்ப்பக்கம் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. குறித்த இடத்தை விட்டு அசையக் கூடாது என்பதில் இருவருமே பிடிவாதமாக இருந்தோம்.

கடைசியில், குப்பை கூட்டிக்கொண்டிருந்த ஊழியர் ஒருவர் என்னிடம் வந்து, அந்தப் பக்கம் வயதான அம்மாள் ஒருவர் வெகு நேரமாக நிற்கிறாரே, உங்களைச் சேர்ந்தவரா என்று கேட்டார். ஓடினோம். கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி, ராட்டினம் நிற்கும் ஒவ்வொரு தடவையும் இறங்கிவரும் குழந்தைகளின் முகங்களை அம்மா பார்த்துக்கொண்டிருந்தார். எங்களைக் கண்டதும் ஒன்றும் பேசவில்லை. பேரனின் தலையைத் தடவிக்கொண்டே இருந்தார்.

அன்றிலிருந்து வட்டமாக இருக்கும் எதையும் நாங்கள் சந்திக்கும் இடமாக வைப்பதில்லை. “ராட்டினத்தில் ஏறும் வாசலுக்கு எதிரே உள்ள பெஞ்சு” என்று உட்காரும் இடம் வரை குறிப்பிட்டுவிடுவோம். அதோடு விடாமல், எல்லோரும் சேர்ந்து ஒரு முறை அந்தப் பெஞ்சில் உட்கார்ந்து எழுந்த பிறகுதான் மற்ற இடங்களுக்குப் போவோம். வழி கேட்க வேண்டுமென்றால், துடைப்பமும் கையுமாக இருப்பவரிடமே முதலில் கேட்பேன். நாள் முழுவதும் பூங்காவைச் சுற்றி வருகிறவர் அவர்தான்.

நகரத்தில் எனக்கு வழி தவறியதே கிடையாது. இங்கே மட்டும் ஏன் திசை குழம்புகிறது என்று பிறகு தேடிப் படித்தேன். 1955இல் கலிஃபோர்னியாவின் அனஹைமில் டிஸ்னிலாண்டைக் கட்டியபோதே, வெளியுலகம் கண்ணில் படக் கூடாது என்று சுற்றிலும் மண்மேடு எழுப்பியிருக்கிறார்கள். கட்டடம், கோபுரம் என்று நாம் திசைக்கு நம்பியிருக்கும் எதுவும் உள்ளே இருந்தால் தெரியாது. போதாததற்கு, ஒரு பகுதியில் நிற்பவருக்கு அடுத்த பகுதி தெரியாதபடி பாதையை வளைத்து மரங்களால் மறைத்துவிடுகிறார்கள். அதற்கு ஈடாகத்தான் நடுவில் கோட்டை. ஆட்களைத் தன்பக்கம் இழுக்கும் அப்படிப்பட்ட கட்டடத்தை வால்ட் டிஸ்னி “வீனி” என்று சொல்வாராம். நாயை வரவழைக்கக் கையில் நீட்டும் சாசேஜின் பெயர் அது! டிஸ்னிலாண்டின் கோட்டை 77 அடிதான். 1971இல் ஃப்ளோரிடாவில் திறந்த மேஜிக் கிங்டமின் கோட்டை 189 அடி. இரண்டிலும் கோட்டைக்கு முன்னே ஒரு வட்டம், அதிலிருந்து சக்கரத்தின் ஆரங்கள்போலப் பிரியும் பாதைகள். இப்படி அமைந்த பூங்காவில் குழப்பம் வந்தால் குறுக்கு வழி தேடாதீர்கள். வட்டத்துக்குத் திரும்பி, அங்கிருந்து மறுபடி புறப்படுங்கள்.

* * *

சகோதரி எழுதியிருப்பதைப் படித்ததும் என் மனைவி, நம் கதையையும் எழுதுங்கள் என்றாள். எங்களைச் சுற்றவிட்டது வரைபடம்.

வாசலில் தந்த தாள் ஒரு கையில், செல்பேசி மறு கையில். செல்பேசி வலப்பக்கம் போகச் சொன்னது, தாள் இடப்பக்கம் காட்டியது. இரண்டையும் மாறி மாறி நம்பி, ஒரே நீரூற்றை மூன்று முறை கடந்தோம். மனைவிக்கு முழங்கால் வலி. மூன்றாவது முறை அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

எனக்குத் தெரியாமல் போன விஷயம் இதுதான்: தாளில் வாசலைக் கீழே வைத்துத்தான் பெரும்பாலும் வரைகிறார்கள், வடக்கு எங்கே இருந்தாலும் சரி. ஃப்ளோரிடாவில் உள்ள டிஸ்னி பூங்காக்களில் ஒன்றான எப்காட்டின் தாள் வரைபடத்தில் வாசல் அடியிலும் ஏரி மேலேயும் இருக்கும். உண்மையில் வாசல் வடக்கே, ஏரி தெற்கே. வடக்கை மேலே வைத்துக் காட்டும் செல்பேசியோடு ஒப்பிட்டால் எல்லாமே தலைகீழ். இப்போது தாளை வாங்கியதும் வாசலுக்கு முதுகைக் காட்டி நின்று பிடித்துக்கொள்கிறேன். எதிரே தெரிவதும் தாளில் மேலே இருப்பதும் பொருந்திவிடும். திரும்பும் இடத்தில் தாளையும் சேர்த்துத் திருப்ப வேண்டும்.

அதே எப்காட்டில், ஏரியைச் சுற்றி 11 நாடுகளின் அரங்குகள் இருக்கின்றன. அக்கரை கண்ணுக்குப் பக்கம், காலுக்குத் தொலைவு. முழுச் சுற்று சுமார் 2 கிலோமீட்டர். முழங்கால் வலி உள்ளவர்களை அழைத்துப் போகிறவர்கள் அங்கே படகைக் கேளுங்கள், தயவுசெய்து.

* * *

நீங்கள் இருவரும் உள்ளே திண்டாடியிருக்கிறீர்கள், எங்கள் பாடு வெளியே. இரவு பத்தரை மணி, ஆயிரக்கணக்கான கார்கள், எல்லாம் ஒரே மாதிரி. வரிசை எண்ணை மனத்தில் வைத்துக்கொள்வதாகச் சொன்ன நான் அதை மறந்துவிட்டேன். கார்ச் சாவியின் பொத்தானை அழுத்திக்கொண்டே நடந்தோம், எங்கும் விளக்கு மின்னவில்லை.

ஐந்து வயது மகள் என் தோளில் அரைத் தூக்கத்தில் இருந்தாள். “ஒட்டகச்சிவிங்கி” என்று முனகினாள். கனவு காண்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து பார்த்தால், ஒவ்வொரு பகுதியின் கம்பத்திலும் ஒரு விலங்கின் படம் இருந்தது. நாங்கள் நின்றது யானைக் கம்பத்தடியில். இரண்டு கம்பங்கள் தள்ளி ஒட்டகச்சிவிங்கி, அதன் அடியில் எங்கள் கார்.