புரோட்டான் ஏன் யுரேனியத்தை எளிதில் பிளப்பதில்லை? விளக்க உதவுங்கள்

வணக்கம். பன்னிரண்டாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். 1938-ல் பெர்லினில் வேதியியலாளர்கள் ஹானும் ஸ்ட்ராஸ்மனும் யுரேனியத்தின் மேல் நியூட்ரான்களை மோதவிட்டதைச் சொல்லும்போது ஒரு மாணவி கேட்டாள்: "புரோட்டானும் கிட்டத்தட்ட அதே எடைதானே சார், அதை ஏன் பயன்படுத்தவில்லை?"

மின்னூட்டம்தான் காரணம் என்றேன். யுரேனியக் கருவில் 92 புரோட்டான்கள். வெளியிலிருந்து வரும் இன்னொன்றை அவை விலக்கித் தள்ளும். அதை மீறி நெருங்கப் பத்து மில்லியன் எலக்ட்ரான் வோல்ட்டுக்கு மேல் ஆற்றல் வேண்டும். நியூட்ரானுக்கு அந்தத் தடையே இல்லை. வெறும் 0.025 எலக்ட்ரான் வோல்ட்டில் ஆடி அசைந்து வந்தாலும் நுழைந்துவிடும். அப்புறம் அது பிணையும்போது வெளிப்படும் ஆற்றலே கருவைக் குலுக்கிவிடும். யுரேனியம்-235-ல் அது சுமார் 6.5 மில்லியன், பிளவுக்குத் தேவை ஏறக்குறைய 6.

இதுவரை சரி. "அப்படியானால் யுரேனியம்-238-ல் மட்டும் அந்த ஆற்றல் ஏன் 4.8 மில்லியன்தான்?" என்றாள். அருமையான கேள்வி! 235-ல் நியூட்ரான்கள் 143, ஒற்றைப்படை. புதிதாக வருவது ஜோடி சேர்கிறது. 238-ல் ஏற்கெனவே 146, இரட்டைப்படை; புதிதாக வருவதற்கு ஜோடி கிடையாது. ஆனால் ஜோடி சேர்ந்தால் ஏன் பிணைப்பு கூடுகிறது என்பதைக் குவாண்டம் கணக்கு இல்லாமல் சொல்ல எனக்கு வரவில்லை.

பள்ளிப் பிள்ளைகளுக்குப் புரியும் எடுத்துக்காட்டு யாரிடமாவது இருக்கிறதா? முடுக்கியில் வேகமான புரோட்டானால் யுரேனியத்தைப் பிளந்து பார்த்தவர்கள் இருந்தால், அந்த அனுபவத்தையும் எழுதுங்கள். திங்கட்கிழமை அவளுக்குப் பதில் சொல்ல வேண்டும்.