‘தோய்கூற்று’ சரியாக வருமா?

குழுவினருக்கு வணக்கம்.

ஜேன் ஆஸ்டினின் ‘எம்மா’வுக்கு வாசிப்புக் குறிப்பு எழுதும்போது ஓர் ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழ் தட்டுப்படவில்லை: ‘ஃப்ரீ இன்டைரக்ட் ஸ்டைல்’, அதாவது பாத்திரத்தின் எண்ணத்தை ‘என்று நினைத்தாள்’ போடாமல் கதைசொல்லியின் வாக்கியத்திலேயே சொல்லும் உத்தி. நாவல் வந்தது 1815 டிசம்பரில். இந்த உத்திக்குப் பிரெஞ்சில் பெயர் சூட்டியவர் சுவிஸ் மொழியியலாளர் சார்ல் பாயி, 1912இல். நம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு நேர்கூற்று, அயற்கூற்று இரண்டும் தெரியும். மலாய்ப் பாடத்தில் அவையே சாக்காப் ஆஜுக், சாக்காப் பிண்டா. இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது.

16ஆம் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். தன் தோழி ஹாரியட்டைத்தான் ஊர்ப் பாதிரியார் எல்டன் விரும்புகிறார் என்று எம்மா நம்பியிருந்தாள். அவரோ வண்டிக்குள் எம்மாவிடமே காதலைச் சொல்லிவிட்டார். வீடு வந்து தனியே உட்கார்கிறாள். அந்த மனநிலையை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன்:

நேர்: “ஹாரியட் முகத்தில் இனி எப்படி விழிப்பேன்?” என்று எம்மா நினைத்தாள்.
அயல்: ஹாரியட் முகத்தில் இனித் தான் எப்படி விழிப்பது என்று எம்மா நினைத்தாள்.
மூன்றாவது: எம்மா உட்கார்ந்தாள். ஹாரியட் முகத்தில் இனி எப்படி விழிப்பாள்?

மூன்றாவதில் ‘என்று நினைத்தாள்’ இல்லை. ‘விழிப்பாள்’ என்ற படர்க்கை கதைசொல்லியுடையது; ‘இனி’யும் அந்தக் கேள்வியும் எம்மாவுடையவை. துணி ஒருவருடையது, அதில் ஏறிய சாயம் இன்னொருவருடையது. அதனால் ‘தோய்கூற்று’ என்று முன்மொழிகிறேன். வினைத்தொகை, வல்லினம் மிகாது.

— கோலாலம்பூர்

ஐயா, வணக்கம். ‘கட்டற்ற மறைமுகக் கூற்று’ என்று சிலர் எழுதுகிறார்களே, அது போதாதா? ‘கலவைக்கூற்று’ என்றாலும் எளிதாகப் புரியுமே.

— பினாங்கு

அம்மா, ‘மறைமுக’ என்றதும் குத்திக்காட்டிப் பேசுவதுதான் நினைவுக்கு வரும். ‘கட்டற்ற’ மென்பொருளோடு ஒட்டிக்கொண்டது. இங்கே விடுபடுவதோ ‘என்று’ என்னும் கட்டிலிருந்து மட்டும். ‘கலவை’ இலக்கணத்தில் வாக்கிய வகைக்குப் போய்விட்டது. ‘அகக்கூற்று’ என்பதையும் யோசித்தேன். சங்கப் பாடலின் தலைவி கூற்று, தோழி கூற்று நினைவில் இருப்பவர் குழம்புவார். அங்கே பேசுவது ஒரே குரல், இங்கே இரண்டு.

இந்த நாவலுக்கு இது வெறும் நடை விஷயமும் அல்ல. எல்டனைப் பற்றிய எம்மாவின் தப்புக் கணக்குகள் பல தோய்கூற்றில்தான் வருகின்றன. கதைசொல்லியே சொல்வதாக எடுத்துக்கொண்டு நாமும் அவளோடு ஏமாறுகிறோம். மொழிபெயர்ப்பாளர் ஒவ்வொன்றுக்கும் ‘என்று எண்ணினாள்’ சேர்த்தால் ஏமாற இடமே இல்லை. கேள்வியையும் வியப்பையும் ‘அது மிக மோசமான நிலைமையாக இருந்தது’ என்று தட்டையாக்கினால், எம்மாவின் புலம்பல் கதைசொல்லியின் தீர்ப்பாகிவிடும். இரண்டாவது பிழைதான் எனக்கு அதிக வருத்தம் தருகிறது, ஏனென்றால் படிக்கும்போது அது கண்ணில் படாது.

— கோலாலம்பூர்

தோய்கூற்று எனக்குச் சம்மதம், ஐயா. ஆனால் தமிழில் ஒரு சிக்கல் உண்டு. ‘எப்படி விழிப்பது?’ என்று மட்டும் எழுதினால் அதில் தன்மையும் இல்லை, படர்க்கையும் இல்லை. அது தோய்கூற்றா, பாத்திரமே தன் மனத்தில் ஓடுவதை நேராகச் சொல்லும் நனவோடையா?

— பினாங்கு

நல்ல கேள்வி. அந்த ஒரு வாக்கியத்தை வைத்து முடிவு செய்ய முடியாது. முன்னும் பின்னும் உள்ள வினைமுற்றுகளைப் பார்க்க வேண்டும்: எம்மாவைக் குறிப்பவை ‘-ஆள்’ என்று முடிந்தால் தோய்கூற்று, ‘-ஏன்’ என்று முடிந்தால் நனவோடை. பத்தி முழுக்க ‘-அது’ வடிவமே வந்தால், மொழிபெயர்ப்பாளர் ஒரு ‘-ஆள்’ வினையாவது வைத்தாக வேண்டும். குறிப்பில் ‘விழிப்பாள்’ எடுத்துக்காட்டையே வைத்துக்கொள்கிறேன்.

— கோலாலம்பூர்