பிராட்பேண்ட் மாற்றினால் பழைய மின்னஞ்சலும் வீட்டுத் தொலைபேசி எண்ணும் என்ன ஆகும்?

ஹாரோவாசி:
லண்டனில் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக பிராட்பேண்ட், வீட்டுத் தொலைபேசி, மின்னஞ்சல் மூன்றையும் ஒரே நிறுவனத்திடம் வைத்திருக்கிறோம். ஒப்பந்தக் காலம் முடிந்துவிட்டது. கட்டணமும் ஏறிக்கொண்டே போவதால், ஃபைபர் இணைப்புத் தரும் வேறொரு நிறுவனத்துக்கு மாறலாம் என்றிருக்கிறேன். யாழ்ப்பாணத்திலும் டொராண்டோவிலும் உள்ள உறவினர்கள் அம்மாவை அழைப்பது 020 8 என்று தொடங்கும் அந்தப் பழைய எண்ணில்தான். என் வங்கிக் கணக்குகளோ அந்த மின்னஞ்சலில்தான் பதிவாகியுள்ளன. பழைய இணைப்பை முதலில் ரத்து செய்ய வேண்டுமா?

கம்பிவழி:
நீங்களாக ரத்து செய்துவிடாதீர்கள். எண்ணைத் திரும்பப் பெறப் பெரும்பாடு படுவீர்கள். 2024 செப்டம்பர் 12 முதல் நடப்பிலிருக்கும் 'ஒன் டச் ஸ்விட்ச்' முறைப்படி புதிய நிறுவனத்திடம் மட்டும் சொன்னால் போதும், மற்றதை அவர்களே பார்த்துக்கொள்வார்கள். ஆனால் தொலைபேசிச் சேவையோடு கூடிய திட்டத்தையே எடுத்து, பழைய எண் வேண்டுமென்று பதிவு செய்யும்போதே சொல்லிவிடுங்கள். வெறும் பிராட்பேண்ட் மட்டும் எடுத்தவர்கள் பலர் எண்ணை இழந்த பிறகே விழித்துக்கொண்டார்கள். பழைய நிறுவனம் அனுப்பும் விவரக் கடிதத்தையும் ஒரு வரி விடாமல் படியுங்கள்.

தபால்பெட்டி:
எண்ணைக் கொண்டுபோகலாம், மின்னஞ்சல் முகவரியைக் கொண்டுபோக முடியாது. சில நிறுவனங்கள் மாதக் கட்டணம் வாங்கிக்கொண்டு விட்டுவைக்கின்றன, சில குறிப்பிட்ட நாளுக்குப் பின் மூடிவிடுகின்றன. போன ஆண்டு நான் மாறியபோது, ஒரு சேமிப்புக் கணக்கில் முகவரியை மாற்றப் போனால், உறுதிசெய்யும் இணைப்பைப் பழைய முகவரிக்கே அனுப்பினார்கள். அதுவோ முந்தின வாரமே மூடப்பட்டிருந்தது. கடைசியில் அடையாள அட்டையோடு கிளைக்கு நடையாய் நடந்தேன். ஆகவே புதிய முகவரியைத் தொடங்கி, இரண்டு மாதம் இரண்டையும் வைத்திருந்து, பழையதில் எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே அந்தக் கணக்கில் முகவரியை மாற்றிவிடுங்கள். பழைய கடிதங்களை நகலெடுக்க, தண்டர்பேர்ட் என்ற இலவச மின்னஞ்சல் மென்பொருளில் இரண்டு கணக்கையும் சேர்த்து, கோப்புறைகளை ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு இழுத்துவிட்டால் போதும்.

கம்பிவழி:
ஒன்றை விட்டுவிட்டேன். ஃபைபரில் தொலைபேசியைச் சுவரில் அல்ல, ரூட்டரின் பின்புறத்தில் செருக வேண்டும். மின்சாரம் போனால் அதுவும் போய்விடும். மாறாமலே இருந்தாலும் இது வரத்தான் போகிறது, பழைய செப்புக்கம்பித் தொலைபேசி வலையமைப்பு 2027 ஜனவரியில் நிறுத்தப்படுகிறது. கைபேசி இல்லாமல் வீட்டுத் தொலைபேசியையே நம்பியிருப்பவர்கள், மின்தடையின்போது குறைந்தது ஒரு மணி நேரம் அவசர அழைப்பு விடுக்க நிறுவனம் வழிசெய்து தர வேண்டும் என்பது பிரிட்டனின் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதி. அம்மா கழுத்தில் அணியும் அவசர அழைப்புக் கருவி வைத்திருக்கிறாரா?

ஹாரோவாசி:
வைத்திருக்கிறார், அது தொலைபேசிக் கம்பியில்தான் ஓடுகிறது. கருவி தந்தவர்களிடம் திங்கட்கிழமை பேசிவிட்டே புதிய இணைப்புக்குப் பதிவு செய்வேன்.